ஆண் வெட்டுக்கிளியின் வால் நுனி

முந்நூத்திப் பன்னண்டு படம் எடுத்து வச்சிருந்தேன். முந்நூத்திப் பன்னண்டும் மூஞ்சி. இந்தச் சிங்கப்பூர்ல இதைவிடப் பெரிய முட்டாள்தனம் பண்ணினவ யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, விழுந்து கும்பிடறேன்.

பூச்சியைக் கிட்டப்போய்ப் படம் பிடிக்கிற எங்க கும்பலுக்கே உள்ள வியாதி அது. லென்ஸை அவ்வளவு நெருக்கத்துல கொண்டுபோனா ஒரு அரிசி கனத்துக்குத்தான் தெளிவா விழும், மிச்சமெல்லாம் மங்கல். அதனால கண்ணைப் பார்த்தே அடிப்போம். கண்ணு பளிச்சுன்னு விழுந்துட்டா வாட்ஸ்அப் குரூப்புல "சூப்பர் லா பிரிஜட்"னு இருபது பேர் போடுவாங்க. எனக்கும் தலைகால் புரியாது. வாலை எவ பார்த்தா?

ஃபர்சானா பார்த்தா. மியூசியத்துல பூச்சி ஆராய்ச்சி பண்ற பொண்ணு, முப்பது வயசு இருக்கும், என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுவா. புதன்கிழமை காலையில போன் பண்ணினா. குரல்ல ஒரு படபடப்பு.

"ஆன்ட்டி, நீங்க குரூப்புல போட்ட வெட்டுக்கிளி மாதிரி எங்க அலமாரியில ரெண்டே ரெண்டு இருக்கு. ரெண்டும் நான் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னால பிடிச்சது. அதுக்கப்புறம் இந்தத் தீவுல யாரும் பார்க்கலை. ஆனா இதே மூஞ்சியில மூணு ஜாதி உண்டு, மத்த ரெண்டும் காட்டோரம் சாதாரணம். ஆணோட வால் நுனியில ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை வச்சுத்தான் எதுன்னு சொல்ல முடியும். வால் படம் ஒண்ணுகூடவா இல்லை?"

"இரும்மா, பார்க்கறேன்"னு சொல்லிட்டு முந்நூத்திப் பன்னண்டையும் பார்த்தேன். ஒண்ணுகூட இல்லை.

அந்த இடம் சாங்கியில, நான் வேலை பார்க்கிற கார்கோ ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பஸ் ஸ்டாப். கடலைத் தூர்த்த நிலம், இடுப்பளவு லாலாங் புல், ஓரத்துல ஒரு கால்வாய். ஆறு வருஷமா ஷிப்ட் முடிஞ்சதும் விடிகாலையில நேரா அங்கதான் போவேன். எட்டு மணி நேரம் ஊரான் சாமானுக்கு நம்பர் அடிச்சுட்டு வர்றவளுக்கு அங்கதான் மூச்சே வரும். ஐம்பத்துமூணு வயசுல, இத்தனை வருஷம் கழிச்சு இதை நான்தான் முதல்ல பார்த்தேன்னு சொல்லிக்க என்கிட்ட இருந்தது அந்த வெட்டுக்கிளி ஒண்ணுதான். கட்டைவிரல் நகத்தளவு உடம்பு, காஞ்ச புல் நிறம், கன்னத்துல ஒரு வெள்ளைக் கோடு, பறக்கத் தெரியாத குட்டை இறக்கை.

அந்த நிலத்துல திங்கட்கிழமை கட்டட வேலைக்கு மெஷின் இறங்குதுன்னு முடிவாயிருந்துச்சு. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குக் கடைசி மீட்டிங், அதுல ஃபர்சானாவும் உட்காருவா. "அதுக்குள்ள ஆண் வால் படம் வந்துட்டா, அந்த ஆண் உயிரோட அங்க இருக்குன்னு நான் சொல்ல முடிஞ்சா, ரெண்டு வாரம் வேலையை நிறுத்தித் தேடச் சொல்வாங்க ஆன்ட்டி. வெட்டுக்கிளிக் கூட்டமே இருக்குன்னு தெரிஞ்சா கால்வாய் ஓரத்து மூலையை விட்டுருவாங்க. படம் வரலைன்னா ஃபைலை மூடிருவாங்க"ன்னா.

புதன்கிழமை பூராவும் மழை. மழையில வெட்டுக்கிளி புல்லடியில போய் ஒட்டிக்கும். நான் முழங்கால் போட்டு ஒவ்வொரு தூரா விலக்கிப் பார்த்தேன். நத்தை இருந்துச்சு, சிலந்தி இருந்துச்சு, என் செருப்பு ஒண்ணு சேத்துல போச்சு. வீட்டுக்கு வந்தப்போ என் வீட்டுக்காரர் சிலுவைராஜ் கதவைத் திறந்து என்னை மேலேர்ந்து கீழே வரைக்கும் பார்த்தார்.

"யார் கூடடி சண்டை போட்டுட்டு வர்ற?"

"உங்க வேலையைப் பாருங்க"ன்னு கத்திட்டுக் குளியலறைக்குள்ள போய் அழுதேன். வெக்கமா இருந்துச்சு. ஒரு பூச்சிக்கு அழுவாளா ஒருத்தி? அழுதேனே.

வியாழக்கிழமை போனா சுத்திப் பச்சைத் தகரம் அடிச்சுட்டான். வாசல்ல ஹெல்மெட்டோட சரத், சைட் சூப்பர்வைசர். நாலஞ்சு தடவை பஸ் ஸ்டாப்புல பேசியிருக்கோம். "அக்கா, உள்ள விட்டா என் பொழப்புல மண்ணு"ன்னார். நான் எங்க நிலைமையை எல்லாம் கொட்டினேன். தலையைச் சொறிஞ்சார். "ஒரு வெட்டுக்கிளிக்கா இவ்வளவு ஆட்டம்? சரி, இந்த ஹெல்மெட்டைப் போடுங்க, அந்த கால்வாய் ஓரம் மட்டும், எவனாவது கேட்டா என் அக்கான்னு சொல்லுங்க." அன்னிக்கு அஞ்சு மணி நேரம் தேடினேன். சாதாரண வெட்டுக்கிளி எழுபது எண்ணினேன். வெள்ளைக் கோடு ஒண்ணுகூடக் கண்ணுல படலை. அந்தோணியாரே, காணாமப் போனதெல்லாம் கண்டுபிடிச்சுத் தர்றவராச்சே, ஒரே ஒரு ஆம்பளை வெட்டுக்கிளியைக் காட்டக்கூடாதான்னு வாய்விட்டே கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைராஜ் லீவு போட்டுட்டுக் கூட வந்தார். இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா என் ஃபிளாஷைப் பிடிச்சார். வெளிச்சம் சுள்ளுன்னு விழாம இருக்க, தேக்கா மார்க்கெட்டுல தோசை கட்டிக் கொடுக்கிற வெள்ளை பிளாஸ்டிக் டப்பா மூடியைத்தான் ஃபிளாஷ் முன்னால ஒட்டியிருப்பேன். அதை மோந்து பார்த்துட்டு, "இன்னும் சட்னி வாசம் போகலை"ன்னார். எனக்குச் சிரிப்பு வரலை.

பத்தேகால் மணிக்கு அவர்தான் பார்த்தார். "பிரிஜட், இதுக்கு வெள்ளைக் கோடு இருக்கே."

குனிஞ்சு பார்த்தேன். ஒல்லி உடம்பு, வால் நுனி மேல் நோக்கி மழுங்கல். ஆணேதான். முட்டியில ஊன்றி, மூச்சை அடக்கி, பின்பக்கமாப் போனேன். அது புல் தண்டைப் பிடிச்சபடி மெல்ல மறுபக்கம் சுத்திருச்சு. நான் அந்தப் பக்கம் போனேன். அது இந்தப் பக்கம் வந்துச்சு. எல்லா வெட்டுக்கிளியும் செய்யறதுதான், தண்டுக்குப் பின்னால ஒளியும். மூஞ்சியை மட்டும் எட்டி எட்டிக் காட்டுது. நாசமாப் போன மூஞ்சி! ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு தண்டைச் சுத்தி நானும் என் புருஷனும் தவழ்ந்தோம். காத்து வேற. எடுத்த படம் பூரா மங்கல்.

பதினொண்ணே முக்கால். "புடிச்சுரு"ன்னார் அவர்.

எங்க குரூப்புல ஒரு சட்டம் உண்டு. பார்க்கலாம், படம் எடுக்கலாம், தொடக்கூடாது. ஒரு தடவை அகிலன்னு ஒருத்தன் பூச்சியை ஃப்ரிட்ஜுல வச்சு மயக்கிப் படம் எடுத்தான்னு தெரிஞ்சதும், அவனை அந்தக் கிழி கிழிச்சுக் குரூப்பை விட்டே விரட்டினவ யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்.

சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணிக் கவிழ்த்தேன். மாட்டிக்கிச்சு. உள்ள டிங் டிங்னு மோதுது, படமே எடுக்க முடியலை. கன்டெய்னர் ஆபீஸுக்கு ஓடி சரத்கிட்ட கேட்டேன். அவரோட சின்ன ஃப்ரிட்ஜுல கூல்டிரிங்ஸுக்குப் பக்கத்துல டப்பாவை வச்சேன். நாலு நிமிஷம். எடுத்துப் பார்த்தேன், கால் இன்னும் உதறுது. மணி பன்னண்டு அஞ்சு.

மேல ஐஸ் கட்டி வைக்கிற அறை இருந்துச்சு. அதுல வச்சேன். யாரும் என்னைத் தள்ளலை, யாரும் சொல்லலை, நானாத்தான் வச்சேன். மூணு நிமிஷம்னு நினைச்சேன். மூணு ஆனதும் கை கதவு கிட்டப் போச்சு. எடுத்ததும் துள்ளிட்டா என்ன பண்றது, வாசல் வேற திறந்து கிடக்கு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு மனசு சொல்லுது. பத்து நிமிஷம் நின்னேன்.

வெளியே எடுத்தப்போ அசையலை. வெள்ளைத் தாள் மேல வச்சேன், சிலுவைராஜ் ஃபிளாஷைப் பிடிச்சார், மேலேர்ந்து, பக்கத்துலேர்ந்து, பின்னாலேர்ந்து அறுபது படம். அந்தக் கொக்கி ஒவ்வொண்ணுலயும் ஊசி முனை மாதிரி தெளிவு. என் வாழ்க்கையில நான் எடுத்த நல்ல படம் அதுதான். போனுக்கு மாத்தி ஃபர்சானாவுக்கு அனுப்பிட்டு, அதை உள்ளங்கையில எடுத்துட்டு வெயில்ல வந்து நின்னேன். சூடு பட்டா எழுந்துக்கும்.

அது எழுந்துக்கலை. ஊதிப் பார்த்தேன், கால்ல மெல்லத் தொட்டேன். "எழுந்துருடா, சாமி, எழுந்துருடா"ன்னு பச்சைப் பிள்ளைகிட்டப் பேசற மாதிரி பேசினேன். சிலுவைராஜ் வேற பக்கம் பார்த்துட்டு நின்னார். ஒண்ணே காலுக்கு அதோட பின்னங்கால் ஒண்ணு தானாக் கழண்டு என் கையில விழுந்துச்சு.

அப்போ போன் அடிச்சது.

"ஆன்ட்டி! அதேதான் ஆன்ட்டி! கொக்கி அப்படியே இருக்கு!" ஃபர்சானா அழறாளா சிரிக்கிறாளான்னே தெரியலை. "நான் மீட்டிங் வாசல்ல நிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்போ அங்க உயிரோட இருக்குல்ல?"

நான் என் கையைப் பார்த்தேன். பக்கத்துல மஞ்சள் மெஷின் வரிசையா நிக்குது. இல்லைன்னு சொன்னா அந்த மூலை போயிரும், வேற ஏதாவது ஒளிஞ்சிருந்தா அதுவும் போயிரும்.

"இருக்கும்மா"ன்னேன்.

ரெண்டு வாரம் கொடுத்தாங்க. தினமும் காலையில பன்னண்டு பேர் வரிசையாக் கை கோத்த மாதிரி நடந்து புல்லை விலக்கிப் பார்ப்பாங்க. யும்னான்னு ஒரு காலேஜ் பொண்ணு பரீட்சையை விட்டுட்டு வந்தா. முன்னால வழி காட்டினது நான். பொய்யா நடிச்சேன்னு நினைச்சுராதீங்க. அந்தப் பன்னண்டு பேரையும்விட வெறியாத் தேடினவ நான்தான். இன்னொண்ணு கிடைச்சுட்டா நான் சொன்னது பொய்யில்லாமப் போயிருமே. ஷிப்டுக்கு முன்னால தேடினேன், பின்னால தேடினேன், முட்டித் தோல் உரிஞ்சு போச்சு. ஒரு பெட்டைகூட இல்லை, ஒரு குஞ்சுகூட இல்லை.

பதினஞ்சாம் நாள் மெஷின் இறங்குச்சு. கால்வாய் ஓரம்தான் முதல்ல போச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் ஃபர்சானா என்னைத் தேக்காவுக்குக் கூப்பிட்டா. புரோட்டாவை வாங்கி வச்சுட்டு ரெண்டு பேரும் தொடலை. அவ கண்ணு வீங்கியிருந்துச்சு. என் பேரைப் பதிவுல போட்டாச்சுன்னு சொன்னா. கண்டவர் பிரிஜட், சாங்கி. முன்னாடியா இருந்தா அதைக் கேட்டு ஆகாயத்துல மிதந்திருப்பேன்.

"எனக்கு ஒண்ணுதான் ஆறவே மாட்டேங்குது ஆன்ட்டி"ன்னா. "மீட்டிங்ல நான் என் பேரை வச்சு உறுதி சொன்னேன், அதுகூடப் பரவாயில்லை. அந்த ஒரு ஆண் எங்க போயிருக்கும்? பறக்கிற ஜாதியும் இல்லை. அந்த மூலையை விட்டு எங்கயும் போகாது. நான்தான் சரியாத் தேடலை. என் காலடியிலயே எங்கயோ உட்கார்ந்திருந்திருக்கு, நான் பார்க்காம விட்டுட்டேன், இன்னிக்கு மெஷின் ஏறிருச்சு." சொல்லச் சொல்ல வாயைக் கையால பொத்திக்கிட்டா. சுத்தி இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க.

அந்தப் பொண்ணு தோள்ல நான் கை வைக்கப் போனேன். கை போகலை.

"ஃபர்சானா, அது என் வீட்டு ஃப்ரீசர்ல இருக்கு. டிஷ்யூவுல சுத்தி, மீன் பாக்கெட்டுக்குப் பின்னால."

அவ கையை வாயிலேர்ந்து எடுத்தா.

"எப்போலேர்ந்து?"

"நீ போன் பண்ணினப்போ என் கையில இருந்துச்சு"ன்னேன். "செத்து."