வாய் தெரியணும்

நேரலைத் தொழிலுக்கு வந்த முதல் நாளே எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். படம் நின்றால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் நின்றால் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். அதனால் இணைப்பு பலவீனமாகும்போதெல்லாம் எங்கள் மென்பொருள் முதலில் படத்தைத்தான் பலி கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் படம் தத்தித் தத்தி வரும், பிறகு ஒரே முகம் அப்படியே உறைந்து நிற்கும். குரல் மட்டும் பிசிறில்லாமல் போய்ச் சேரும். இந்த ஏற்பாட்டைத்தான் நான் ஒரு குறையும் இல்லாமல் என் அக்காவுக்கும் செய்து வைத்திருந்தேன்.

என் அக்காவுக்குக் காது கேட்காது.

தொழில் தெரியாதவர்கள் இப்படி ஒரு தப்பைச் செய்யவே முடியாது. அதற்கு என்னைப் போல அனுபவசாலி வேண்டும்.

பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்தே எல்லாப் பேச்சையும் படித்துவிடுவாள். அதனால் எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் குரல் கொடுத்துப் பேசுவதில்லை, வாயை மட்டும் அசைப்போம். அவள் மகள் வெளியே பேசிப் பேசித் தெருவையே கூட்டுவாள். வீட்டுக்குள் வந்தால் அதே வேகத்தில், துளிச் சத்தமில்லாமல் அம்மாவோடு சண்டை போடுவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாயாடி. அந்த வாயாடிதான் பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தாள். நேரலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் தீர்வதற்குள் அக்கா மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். இப்போது தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், காலைத் தூக்கிக் கட்டிய நிலையில் படுத்திருக்கிறாள்.

"நீதான் இருக்கியே. எனக்குக் காட்டிடு" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். தலைகீழாக நின்றாவது காட்டிவிடுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

போட்டி மதியம். காலையில் ஒத்திகை. வாயாடியை மேடையில் நிற்கவைத்து, அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இது யாரு எடுத்த ஃபோட்டோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த செய்தி வந்தது. "வாய் எங்கடி?"

என் கைப்பேசியில் இணைப்பைக் குறைத்து, அதே லிங்கைத் திறந்து பார்த்தேன். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. வாயாடியின் முகம் மட்டும் பாதி திறந்த வாயோடு நின்றுகொண்டிருந்தது. என் கன்னத்தில் நானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நேராக ஒலிப்பதிவாளரிடம் போனேன். அவரை நாங்கள் காது என்றுதான் சொல்வோம். பக்கத்து அறையில் மின்விசிறி கொஞ்சம் முனகினாலும் இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுகிற மனிதர்.

"அண்ணா, எங்க அக்காவுக்கு மட்டும் தனியா ஒரு ஸ்ட்ரீம் போடப்போறேன். அதுல சத்தம் வேண்டாம்."

"குறைக்கணுமா?"

"மொத்தமா எடுத்துடணும்."

வீட்டை எழுதித் தரச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "நான் சம்பளம் வாங்கறதே சத்தத்தைக் காப்பாத்தத்தான்மா."

"அவளுக்குக் காது கேக்காதுண்ணா, வாயைப் பார்த்துத்தான் படிப்பா. ஊருக்கெல்லாம் காப்பாத்துங்க. இந்த ஒருத்திக்கு மட்டும் விட்டுடுங்க."

என் சொந்த மடிக்கணினியை எடுத்து வைத்தேன். இரண்டாவது கேமராவை வாயாடியின் முகத்துக்கு மட்டும் நெருக்கினேன். சத்தத்தை நீக்கியதில் லைனில் மிச்சமான இடம் கொஞ்சம்தான். ஆனால் சத்தத்துக்காகப் படத்தைப் பலி கொடு என்ற விதிக்கு இனி அங்கே வேலை இல்லை. படத்தைச் சின்னதாக்கினேன். லைன் மோசமானால் தெளிவு குறையட்டும், அசைவு குறையக் கூடாது என்று அமைத்தேன். மறுபடி சோதனை செய்தோம்.

"வாய் அசையுது. ஆனா யாரோ ஈரத் துணியால துடைச்ச மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

ஏன் என்று யோசித்து மண்டை காய்ந்தது. பிறகு நிமிர்ந்து மேடையைப் பார்த்தபோது காரணம் பல்லிளித்துக்கொண்டு நின்றது. மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு மின்திரை. அதில் விளம்பரம் கொடுத்தவர்களின் பெயர், சுற்றிலும் ஓயாமல் கொட்டுகிற தங்கப் பொறிகள். மென்பொருள் படத்தைச் சுருக்குவதே, முந்தின படத்திலிருந்து மாறாத இடங்களைத் திரும்ப அனுப்பாமல் மிச்சம் பிடித்துத்தான். மாறிக்கொண்டே இருக்கிற இடத்தை ஒவ்வொரு முறையும் அனுப்பியாக வேண்டும். வாயாடியின் காதோரம் தெரிந்த அந்தப் பொறிகள், அவள் உதட்டுக்குப் போக வேண்டியதையெல்லாம் தின்றுகொண்டிருந்தன.

முதலாளியிடம் போய்த் திரையை அணைக்கச் சொன்னேன்.

"விளையாடறியா? விளம்பரம் குடுத்தவன் என் தோலை உரிச்சுடுவான்."

"அணைக்க வேண்டாம் சார். ஆடாம நிக்கட்டும். பொறியை மட்டும் எடுத்துட்டா பேரு பளிச்னு தெரியும். இப்ப யாராலயும் படிக்கவே முடியல."

அவர் தள்ளிப்போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆமா, கண்ணைத்தான் குத்துது" என்று, தனக்கே தோன்றியதுபோல் ஆளை அனுப்பிப் பொறிகளை நிறுத்தச் சொன்னார். பெருமை அவருக்கே போகட்டும், எனக்கு வாய் தெரிந்தால் போதும்.

ஆனால் அப்போதும் பாதி வாய்தான் தெரிந்தது. மீதிப் பாதியை மைக் மறைத்துக்கொண்டிருந்தது. காதிடம் மறுபடியும் எந்த முகத்தோடு போவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அதற்குள் அவரே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

"காலர் மைக் போட்டுடறேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதேதான், இல்லன்னா வம்பு வரும். குரல் கொஞ்சம் தட்டையா இருக்கும், எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. என்ன பண்றது, வாய் தெரியணும்ல?"

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கை நிறைய வயர் இருந்ததால் அவர் தப்பித்தார்.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரியின் இணைப்பு வரும், போகும். அதற்கு ஒரே வழி, அக்காவின் கைப்பேசியில் அரை நிமிடப் படத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு ஓட்டுவது. இடையில் லைன் போனாலும் சேமிப்பிலிருந்து ஓடும். அரங்கத்தில் நடப்பது அவளுக்கு அரை நிமிடம் தாமதமாகத்தான் தெரியும். குறுக்கே எழுந்து கேள்வியா கேட்கப்போகிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

மதியம் போட்டி தொடங்கியது. வீட்டுப்பாடம் தேவையா என்பது தலைப்பு. தேவையே இல்லை என்று வாயாடி பிளந்து கட்டினாள். அவள் வீட்டுப்பாடம் எழுதிய லட்சணம் தெரிந்த நான், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஆஸ்பத்திரி லைன் விழுந்து, திரையில் அதைக் காட்டும் விளக்கு சிவப்பானது. படத்தை இன்னும் ஒரு படி சின்னதாக்கினேன். சிவப்பு விளக்கு மஞ்சளாகி, மெல்லப் பச்சையானது. எனக்கு உயிர் திரும்பியது.

நேரம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது வாயாடி பேச்சை நிறுத்தினாள். "நன்றி" என்றாள். ஆனால் இறங்கவில்லை. என் கேமராவை நேராகப் பார்த்தாள். அவள் வாய் திரும்ப அசையத் தொடங்கியது.

சத்தம் காட்டும் கோடு தரையில் படுத்துவிட்டது. காது நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். மேசைமேல் இருந்த கைப்பேசிகள் ஒன்றுமாற்றி ஒன்று அலறின. முதலாளி, "சத்தம் போச்சு! ஊரே கூப்பிடுது!" என்று ஓடிவந்தார். காதின் கை இயந்திரத்துக்குப் போனது. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாதீங்கண்ணா. ஒண்ணும் கெடல. அவ வாயைப் பாருங்க."

அவர் பார்த்தார். புரிந்ததும் தலையிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். "சார், சத்தம் சரியாத்தான் இருக்கு" என்று முதலாளியிடம் சொன்னார்.

அரங்கம் முழுக்க ஒருவருக்கும் புரியாத அந்தப் பேச்சு எனக்கு எழுத்து எழுத்தாகப் புரிந்தது. "அம்மா, நான் நல்லாப் பேசிட்டேன். பயப்படாத. காலை ஆட்டாமப் படு. நாளைக்கு வந்துடறேன்."

மணி அடித்தது. குழப்பத்தோடு ஆரம்பித்த கைதட்டல் வலுத்தது. வாயாடி இறங்கி ஓடிவந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "சித்தி, அம்மா பார்த்தாங்களா?"

"இரு. அங்க இன்னும் நீ மேடையிலதான் நிக்கிற."

என் திரையில் விளக்கு மஞ்சளானது. சிவப்பானது. சேர்த்து வைத்திருந்த அரை நிமிடம் கரைந்துகொண்டே வந்தது. இதற்குமேல் படத்தைச் சின்னதாக்க முடியாது. என் கையில் செய்ய இனி எதுவும் இல்லை. வாயாடி என் சட்டையைப் பிடித்துக் கசக்கினாள். காது எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். இந்த நாலு வரி போய்ச் சேராவிட்டால் நான் காலையிலிருந்து செய்தது எல்லாமே வீண்.

கைப்பேசி அதிர்ந்தது.

"ஆட்டலன்னு சொல்லு. மேடை ஏறும்போதாவது தலையை ஒழுங்கா வாரச் சொல்லு."