சூடு ஆறும் வரை

ஊரில் அவருக்கு ‘ஒரிஜினல்’ என்றுதான் பெயர். மரம் வெட்டும் தொழில். கையில் இருந்த மோட்டார் ரம்பம் அவரைவிட நாலைந்து வயதுதான் இளையது. யார் எதிரே வந்தாலும் அதைத் தூக்கிக் காட்டி, “ஒரு திருகாணி மாத்தல, எல்லாம் ஒரிஜினல்” என்பார். வந்தவர் வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டுப் போவார். ஆள் உழைப்பாளி, தங்கமான மனுஷன். அந்த மெஷின் விஷயத்தில் மட்டும் கழுதைப் பிடிவாதம்.

மெஷினுக்கு ஒரு நோய் இருந்தது. குளிர்ந்திருந்தால் கயிற்றின் ஒரே இழுப்பில் கிளம்பும். சூடேறிய பிறகு நிறுத்தினால் போச்சு. உள்ளே தீப்பொறி கொடுக்கிற ‘காயில்’ என்கிற பாகம் செத்துவிடும். நன்றாக ஆறினால்தான் மறுபடி உயிர் வரும். அதனால் வேலை முடிகிறவரை அவர் அதை அணைப்பதே இல்லை. ஓடவிட்டுத் தரையில் வைத்துவிட்டுக் கிளைகளை இழுத்துப் போடுவார். அந்தக் காலத்து மெஷினில் பிரேக் ஏது? சும்மா கிடக்கும்போதும் வெட்டுகிற சங்கிலி மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும்.

கூட வேலை செய்த தங்கச்சி புருஷன் அது ஊர்வதைப் பார்த்தாலே காலைத் தள்ளி வைப்பான். எங்கெங்கோ அலைந்து, பொருந்துகிற மாதிரி ஒரு புது காயில் வாங்கிவந்தான்.

“இத மாட்டிடுங்க மச்சான். அப்பப்ப அணைச்சிட்டு நிம்மதியா வேலை பாக்கலாம்.”

வாங்கி, பட்டறை மேசை டிராயரில் போட்டார். போட்டதோடு சரி. அதை மாட்டினால் அப்புறம் எந்த வாயால் ஒரிஜினல் என்று சொல்வது?

புயல் ஓய்ந்த மறுநாள், சாலை முழுவதையும் அடைத்து விழுந்துகிடந்த ஒரு பெரிய மரத்தை வெட்டக் கூப்பிட்டார்கள். வண்டியில் போகும்போது மாப்பிள்ளை கேட்டான்.

“காயில் மாட்டிட்டீங்களா?”

“மாட்டிட்டேன் மாப்ளே.”

ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுவிட்டான். மூன்றாவது தடவையும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்று சாயங்காலம் மாட்டிவிட்டால் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

வேலை மளமளவென்று நடந்தது. மேல்பக்கத்துக் கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். அடிமரம் உருளாமல் இருக்க முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றான்.

“மெஷினை அணைச்சிடுங்க மச்சான். நான் உள்ள போறேன்.”

அவர் தயங்கினார்.

“என்ன யோசனை? புது காயில்தானே, திரும்பப் பிடிக்காதா?” என்று சிரித்தான்.

அவர் சுவிட்சைத் தட்டினார்.

மாப்பிள்ளை குனிந்து உள்ளே நுழைந்தான். முட்டுக் கட்டையை வைப்பதற்குள் எங்கோ ஒரு கிளை முறிந்தது, அடிமரம் புரண்டது. தொடை கனத்தில் இருந்த ஒரு கிளை அவன் நெஞ்சின் மேல் வந்து அமர்ந்தது.

“மெஷினை இழுங்க மச்சான்” என்றான். சத்தம் வரவில்லை, மூச்சுதான் வந்தது.

இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். மெஷின் செருமக்கூட இல்லை. அந்தத் தெரு ஆட்கள் ஓடிவந்தார்கள். நெம்பிப் பார்த்தார்கள், மரம் அசைந்ததும் அவன் துடித்தான், விட்டுவிட்டார்கள். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டால், வழியெல்லாம் மரம் என்றார்கள். அவர் கோடாலியை எடுத்தார். போட்ட ஒவ்வொரு போடும் கிளை வழியாக அவன் நெஞ்சுக்குத்தான் போனது.

“கோடாலி வேணாம்... மெஷின்... புதுசுதானே, பிடிச்சிக்கும்.”

பாவி மனுஷன், அந்த நேரத்திலும் நம்பினான். அவர் இஞ்சின்மேல் தண்ணீரைக் கொட்டினார். கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. இழுத்துக்கொண்டே இருந்தார். அவன் கண் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் பார்ப்பதும் நின்றது.

யாரோ ஒரு துண்டை எடுத்து அவன் முகத்தை மூடினார்கள். அவர் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து, என்ன செய்வதென்று தெரியாமல், கைப்பழக்கத்தில் ஒருமுறை கயிற்றை இழுத்தார்.

ஒரே இழுப்பில் கிளம்பியது.

அந்தக் கிளையை அறுக்க, ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அடக்கமெல்லாம் முடிந்து, வீட்டில் சனம் கலைந்த பிறகு, தங்கச்சி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மெஷின் கடைசில ஒரே இழுப்புல பிடிச்சிச்சாமேண்ணே. அந்தத் தெருக்காரங்க சொன்னாங்க. இல்லன்னா சாயங்காலம்வரைக்கும் அங்கேயே கிடந்திருப்பாராம்.”

அவர் கிழிந்த உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

“அவரு வாங்கிக் குடுத்த காயில்தானேண்ணே அது?”

சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ கிடந்து அடித்துக்கொண்டது.

“ஆமாம்மா” என்றார்.

அவள் தலையாட்டினாள். அவர் கையைத் திருப்பி, கயிறு கிழித்த இடத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, மருந்து எடுத்துவர உள்ளே போனாள்.