மூன்று நொடி உதறல்

பயிற்சி வகுப்பு என்று கேட்டதுமே மின்னல் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வராதா பின்னே? கண்ணாடி டம்ளர் பேக்கிங் பிரிவில் அவளை மிஞ்சிய கை கிடையாது. அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். மற்ற பதினொரு பெண்களுக்கும் வேலை கற்றுக்கொடுத்தவளும் அவளே. அவளைப் போய் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதாம்!

"இப்ப ஒரு நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு பெட்டி போடுறோம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஐயாயிரம் வேணும்ங்கிறீங்க. இதுல ஒரு மணி நேரம் வகுப்புன்னா, பெட்டி தானா டேப் ஒட்டிக்குமா?" என்று மேனேஜரிடமே கேட்டுவிட்டாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஐயாயிரம் வராவிட்டால் கடைசியாகச் சேர்ந்த நாலு பேரை நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அந்த நாலு பேரில் ஒருத்தி அக்காவின் நாத்தனார். நாற்பத்திரண்டு வயதில் முதல் வேலை. மூன்றே மாதத்தில் ஆளே மாறிவிட்டாள். தலை நிமிர்ந்து நடக்கிறாள், வீட்டில் எதிர்த்துப் பேசக்கூட ஆரம்பித்துவிட்டாள். அவளையா திருப்பி அனுப்புவது? அக்கா மேற்கொண்டு வாதாடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

பயிற்சியாளர் பாடமே நடத்தவில்லை. முந்தைய நாள் அவர்கள் வேலை செய்ததை எடுத்த வீடியோவைத் திரையில் ஓட்டினார்.

திரையில் அக்கா டம்ளர்களைத் தாளில் சுற்றினாள், பெட்டியில் அடுக்கினாள், மூடி டேப் ஒட்டினாள். டேப்பைக் கீழே வைத்தாள். வலது கையைத் தூக்கி ஓர் உதறு உதறினாள். மறுபடி டேப்பை எடுத்தாள். அடுத்து மற்றவர்கள் வந்தார்கள். அத்தனை பேரும் அதே உதறல். நாத்தனாரோ பயபக்தியோடு இரண்டு தடவை உதறினாள்.

"இது எதுக்கு?" என்றார் பயிற்சியாளர்.

"நரம்பு இளகத்தான் சார்," என்றாள் ஒருத்தி.

"இல்ல சார், விரல்ல ஒட்டின பசை போக," என்றாள் இன்னொருத்தி.

"எனக்குத் தெரியாது சார். அண்ணி செஞ்சாங்க, நானும் செஞ்சேன்," என்றாள் நாத்தனார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நரம்பு என்றே சொல்லித் தப்பித்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நரம்புமில்ல, பசையுமில்ல," என்றாள் அக்கா. "வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க வீட்டுக்காரர் கடிகாரத்தை வலது கையில கட்டிட்டு வருவேன். தொளதொளன்னு உள்ளங்கைக்கு இறங்கிடும். அதை மேல ஏத்தத்தான் உதறுவேன். அது உடைஞ்சு எட்டு வருஷமாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். "டேப்பை வெச்சு, உதறி, மறுபடி எடுக்க மூணு நொடி. எல்லாப் பெட்டிக்கும் சேர்த்தா தினமும் நாலு மணி நேரம்."

"அடேயப்பா! இல்லாத கடிகாரத்தை நாலு மணி நேரம் ஏத்திருக்கோம்!" என்றாள் நாத்தனார்.

பழக்கம் லேசில் விடுமா? யாராவது கையைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவள் "மணி என்ன?" என்று கத்துவது என்று முடிவாயிற்று. அதிகம் கத்தல் வாங்கியது அக்காதான். அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்ததும் அவள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது ஐயாயிரத்து இருபத்தேழு பெட்டி. நாலு பேருக்கும் வேலை நிலைத்தது.

அடுத்த சம்பளம் வந்த மறுநாள் நாத்தனார் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். "கையை நீட்டுங்க அண்ணி." உள்ளே கடிகாரம், கைக்கு அளவெடுத்த மாதிரி வார். "இப்ப உதறிப் பாருங்க, அசையாது."

அக்கா உதறினாள். அசையவில்லை. கண்தான் கலங்கியது.

"மணி என்ன?" என்று பதினொரு குரலும் ஒன்றாகக் கத்தின.

எட்டு வருடத்தில் முதல் முறையாக அவள் கையைப் பார்த்து மணி சொன்னாள்.