நிறுவனர் புல்வெளியில் எட்டு ஓட்டங்கள்

எங்கள் ஹாலோமியர் பள்ளிக்கும் கார்ஸ்விக் பள்ளிக்கும் என்ன பகை என்று கேட்டால் எவரும் விடை சொல்ல முடியாது. அவர்கள் பள்ளி நாற்பது ஆண்டு மூத்தது. அவர்களில் அமைச்சரானோர் அதிகம்; எங்களில் ஆயரானோர் அதிகம். இதற்காகவே ஒவ்வொரு ஜூன் மாதமும் கிரிக்கெட் மைதானத்தில் மோதினோம். மானம் என்றோம், மரபு என்றோம், மண்ணின் பெருமை என்றோம்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு ஆட்டம் எங்கள் மண்ணில் நடந்தது. ஒன்பது விக்கெட் விழுந்துவிட்டது. முதலில் விழுந்தது நான், ஓட்டம் ஏதுமின்றி. இன்னும் எட்டு ஓட்டம் வேண்டும். கடைசியாக மட்டையோடு நடந்து வந்தவன் வில்ஃப் டார்டாஃப்.

அவன் யார்க்‌ஷயரில் ரொட்டி சுடுபவரின் மகன், உதவித்தொகையில் படித்தவன். மூன்று ஆண்டுகளாக அணிக்கு வெளியே நின்றவனுக்கு, ஒருவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததால் ஒரே ஒரு நாள் இடம் கிடைத்தது. வெற்றி ஓட்டத்தை எடுப்பவனுக்கு அங்கேயே பச்சைத் தொப்பி. தொப்பி பெற்றவனை அணியிலிருந்து நீக்க முடியாது. உதவித்தொகை மாணவன் எவன் தலையிலும் அது ஏறியதில்லை.

கார்ஸ்விக் அணித் தலைவன், அமைச்சர் மகன் லயனல் ஃபென்விக் சிரித்தான். "என்னடா டார்டாஃப், இன்னைக்கு ரொட்டி சுடப் போகலையா?"

"சுட்டுட்டுத்தான் வந்தேன். உங்களுக்குச் சூடா பரிமாறணும்ல?"

பந்து வந்தது. வில்ஃப் முழங்காலை மடக்கி, மட்டையைக் குறுக்கே வீசினான். பந்து இடப்புற மூலைக்குப் பறந்து நிறுவனர் புல்வெளியின் நடுவில் போய்ப் படுத்தது.

அங்கேதான் வந்தது வினை! எல்லைக்கோடு அந்தப் புல்வெளிக்கும் அப்பால் ஓடுகிறது. ஆகவே பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது. ஆனால் அந்தப் புல்லை மிதிக்கும் உரிமை எங்கள் மாணவத் தலைவர்களுக்கு மட்டுமே. அதுவும் வெள்ளிப் பொத்தான் பன்னிரண்டும் பூட்டிய வெயிஸ்ட்கோட் அணிந்து. ஆயரே வந்தாலும் சரளைக்கல் பாதையில் சுற்றித்தான் போவார். நூறாண்டில் ஒரு பந்தும் அங்கே போனதில்லை. ஏன்? நேராக அடிப்பவன் கனவான், குறுக்கே அடிப்பவன் தெருப்பிள்ளை என்று எங்களுக்குப் போதித்திருந்தார்கள்.

பந்தைத் துரத்தி வந்தவன் புல்லின் விளிம்பில் சுவரில் மோதியவன்போல் நின்றான்.

"போய் எடுடா!" என்று அலறினான் ஃபென்விக்.

"நிறுவனர் புல்வெளிடா இது! இதுல நான் கால் வெச்சா, அடுத்த வருஷம் வெளியாள் ஏறக் கூடாத நம்ம வேந்தர் படிக்கட்டுல இவனுங்க ஏறிடுவானுங்க!"

பந்து தொலைந்ததாக ஏற்றால் ஓட்டம் அங்கேயே நிற்கும்; ஃபென்விக் நடுவரிடம் ஓடினான். "சார், பந்து தொலைஞ்சு போச்சு!"

"தொலைஞ்சுதா? அதோ கிடக்குதே தம்பி. என் கண்ணாடி வேணுமா?"

இரண்டு ஓட்டம் முடிந்திருந்தது. ஃபென்விக் நாற்காலியில் சாய்ந்திருந்த என்னைப் பார்த்தான். "டேய் ஹார்க்ரேவ்! நீ மாணவத் தலைவன்தானே? எடுத்துப் போடுடா!"

"தாராளமா. வெயிஸ்ட்கோட் போட்டுக்கறேன், இரு."

பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினேன். அன்று காலைவரை நான் வில்ஃபை மனிதனாகவே மதித்ததில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் கத்தி பிடிக்கும் முறையைக் கண்டு சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போதோ அவன் கால்காப்பு படபடக்க ஓடுகிறான். எதிர்முனையில் எங்கள் அணித் தலைவன், ஆயர் மகன் ஹியூகோ பிராங்க்ளி மூச்சிரைக்கிறான்.

"இன்னும் எத்தனைடா?"

"நாலு! பேசாம ஓடுங்க!"

ஐந்தாம் பொத்தானைத் தவறான துளையில் மாட்டினேன். கை தவறியா? இல்லை, தெரிந்தேதான்! மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கச் செய்த சட்டம் ஒருநாள், ஒரே ஒருநாள், ஒதுக்கப்பட்டவனுக்கு உழைக்கட்டுமே!

"ஒன்பது... பத்து... சீக்கிரம்டா பாவி!" என்று என் பொத்தான்களை எண்ணினான் ஃபென்விக்.

பன்னிரண்டும் பூட்டிப் புல்வெளியில் இறங்கினேன்.

"ஓடேன்டா!"

"இதுல ஓடக் கூடாதுப்பா. அதுவும் சட்டம்."

கல்யாண ஊர்வலம்போல் நடந்தேன். பந்தைத் தொட நான் குனிந்தபோது எட்டாம் ஓட்டம் முடிந்தது. ஸ்ட்ராபெரிக் கிண்ணங்கள் கவிழ்ந்தன, குடைகள் பறந்தன, முதல் வரிசையில் கர்னல் ஒருவர் யாரென்று தெரியாத பெண்மணியைக் கட்டிக்கொண்டார்.

பிராங்க்ளி பச்சைத் தொப்பியை வில்ஃபின் தலையில் வைத்தான். அது சின்னதாக இருந்தது, அழுத்தி வைத்தான்.

"நிஜமாவே எனக்கா?" என்றான் வில்ஃப்.

"உனக்குத்தான். சனிக்கிழமை அடுத்த ஆட்டம், மறந்துடாத. அதுக்கு முன்னாடி அந்தக் குறுக்கடிய எனக்குச் சொல்லிக் குடு."

"எனக்கும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஃபென்விக்!

வில்ஃப் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். "முதல்ல முழங்காலை மடக்குங்கடா."

மடக்கினார்கள், அமைச்சர் மகனும் ஆயர் மகனும். நானும் வெயிஸ்ட்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.