அண்ணி எடுத்துவிட்ட வரி

அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் லாண்டரி. மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு எழுதிப் போடும் இங்கிலீஷை வாங்கி, வெளுத்து, இஸ்திரி போட்டு, கட்டிடத்துக்காரர்களுக்கு அனுப்புவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதையேதான் செய்கிறாள். திருத்தியதை மட்டும் ஃபைலில் வைத்துவிட்டு மெக்கானிக் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். அழுக்குத் துணியை யாராவது அலமாரியில் மடித்து வைப்பார்களா என்று கேட்பார்.

திருத்துவதில் அவள் கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம். தலையும் வாலும் புரியாமல் கிடக்கும் வாக்கியம் அவள் கை பட்டால் எழுந்து உட்காரும். ஆனால் வருஷம் போகப் போக ஒரு பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. ‘உடனே’ என்று இருந்தால் ‘வசதிப்படும்போது’ என்று ஆக்குவாள். ‘ஆபத்து’ என்றிருந்தால் ‘கவனிக்கத்தக்கது’. படிக்கிறவர் பதறக் கூடாதாம்! மேனேஜர் இந்தப் பூசிமெழுகலைப் பாராட்டியும் தொலைத்தார். பாராட்டு வாங்கியபின் யாருக்குப் புத்தி வரும்?

மெக்கானிக்குகளில் ஒருவன் அவளுடைய கொழுந்தன், கணவனின் தம்பி. ஸ்பேனரைப் பிடித்தால் சூரன், பேனாவைப் பிடித்தால் வியர்த்துக் கொட்டும். மூன்று வாரத்துக்கு முன்பு ஓர் ஆறு மாடி ஆபீஸின் லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்தான். லிஃப்டை நிறுத்துகிற அதிகாரம் கட்டிடத்துக்காரருக்குத்தான். மெக்கானிக் எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அவனும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று வரி எழுதினான். தமிழில் சொன்னால் இதுதான்: பிரேக் பிடிக்கவில்லை. லிஃப்டை நிறுத்துங்கள். உள்ளே நிற்க எனக்கே பயமாக இருக்கிறது.

அடுத்த பராமரிப்பின்போது பிரேக்கைச் சற்றுப் பரிசீலிக்கலாம் என்று அவள் அதை ஒரே வரியாக்கினாள். பயத்தை அடியோடு எடுத்துவிட்டாள். மெக்கானிக்கே பயப்படுகிறான் என்று வெளியே தெரிந்தால் கம்பெனி மானம் என்ன ஆவது? கொழுந்தன் மானமும் கூடத்தான். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்த லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்காமல் அடிவரை இறங்கி மோதியது. உள்ளே இருந்த, துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவுக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் ஃபைலைப் புரட்டினார்கள். ஆபத்து என்ற பேச்சே அதில் இல்லை. ஆபத்தைத் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்று கொழுந்தனுக்கு நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. பதில் சரியில்லை என்றால் வேலையும் போகும், லைசென்ஸும் போகும்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சீட்டு போயே போய்விட்டது. அதில் இருந்ததற்கு, எழுதினவனை விட்டால் அவள் ஒருத்திதான் சாட்சி. வாயைத் திறந்தால் போகப் போவது அவள் வேலை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கிக்கொண்டே மூன்று நாளை ஓட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்தன் அவள் மேஜைக்கு வந்து ஒரு தாளை நீட்டினான்.

“இதையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க அண்ணி.”

அவனுடைய பதில் கடிதம். என் இங்கிலீஷ் மோசம். நான் எழுதினது யாருக்கும் புரியவில்லை. அந்த அம்மாவின் கால் முறிந்தது என்னால்தான். மன்னித்துவிடுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை தன்பாட்டுக்கு முதல் வரியில் ஒரு பிழையைத் திருத்தியது. அதைப் பார்த்ததும் அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

“நீ எழுதுனது நல்லாவே புரிஞ்சுது தம்பி. நான்தான் மாத்தினேன். நிறுத்தச் சொல்லி நீ எழுதுனதை எடுத்துட்டேன்.”

அவன் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலை. கத்தவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“பயமா இருக்குன்னு எழுதியிருந்தேனே?”

“அதையும்தான்.”

“அந்த வரியை மட்டும் என் பொண்ணுகிட்டக் கேட்டுக் கேட்டு எழுதினேன் அண்ணி. தப்பு இருந்தா நீங்க தூக்கிடுவீங்கன்னு.”

அவன் வெளியே போனான். அவள் அழுதாள், யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு டைப் அடிக்க உட்கார்ந்தாள். அவன் எழுதிய மூன்று வரியையும் அவன் எழுதியபடியே போட்டு, கீழே தான் மாற்றியதைப் போட்டு, மாற்றியது நான்தான் என்று கையெழுத்திட்டாள். இரண்டு பிரதி எடுத்தாள்.

மேனேஜர் படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தணித்து, இவ்வளவு பச்சையாக எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா என்றார். ‘விடுபட்டிருக்கலாம்’ என்று ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், அவளுக்கும் கெடுதல் இல்லை, கம்பெனிக்கும் இல்லை என்றார்.

“விடுபடலை சார். நான் எடுத்தேன்.”

ஒரு பிரதியை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு, மற்றதை விசாரணை அறைக்கு அவளே எடுத்துக்கொண்டு போனாள்.