மடை திருப்புகிறவள்

அற்புதராஜ் புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் பையில் முதல் பதினாறு பக்கத்தின் அச்சுப் படி இருந்தது. அவருடைய முதல் புத்தகம். இருபது வருஷமாக மாதப் பத்திரிகைகளுக்கு எழுதிய விஞ்ஞானக் கதைகளில் பன்னிரண்டைப் பொறுக்கி, சேலத்து அச்சாபீஸ்காரர் ஒருவர் புத்தகமாகப் போடுகிறார். எழுத்துக் கோத்து முடிந்துவிட்டது. திருத்தம் இருந்தால் நாளைக் காலைக்குள் வந்து சேர வேண்டும், அப்புறம் ஒரு புள்ளிகூட மாறாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் கதையின் பெயர் 'தானாக இறைக்கும் கிணறு'. இந்த ஊர் போர்டு பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியாராக இருந்த 1927-ல், பக்கத்துக் காட்டுக் குடியானவர் காளியப்பனின் கிணற்றைப் பார்த்துப் பார்த்து எழுதியது. இப்போது 1948. அதே கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்துவிட்டது, இன்று ஓட்டப்போகிறோம் என்று காளியப்பன் கார்டு போட்டிருந்தார். கதையில் பிசகு ஏதாவது இருந்தால் இன்றைக்கே தெரிந்துவிடும். தெரியாமல் அச்சேறினால் சாகும்வரை உறுத்தும்.

அந்த நாளில் அங்கே கவலை ஏற்றம் ஓடியது. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கினால் கயிறு இழுபட்டு, சால் என்கிற பெரிய வாளி கிணற்றிலிருந்து மேலே வரும். அதன் அடியில் கட்டிய தோல்குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பிறகு எருதுகள் பின்பக்கமாகவே நடந்து மேடேற வேண்டும், அடுத்த சாலுக்கு. கயிறு ஓடும் சகடை கிரீச்சிடுவதும் தண்ணீர் கொட்டுவதும் மாறி மாறிப் பள்ளிக்கூட ஜன்னல்வரை கேட்கும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னதே அந்தத் தாளத்தில்தான். எட்டாம் வாய்ப்பாட்டை நினைத்தால் அவருக்கு இன்றும் ஈரத்தோல் வாசனை அடிக்கும்.

கதையை எழுதி முடித்ததும், எருதுகளை அவிழ்த்துவிட்ட ஒரு மத்தியானம், வேப்பமரத்தடியில் காளியப்பனுக்கும் அவர் மனைவி உண்ணாமலைக்கும் வாசித்துக் காட்டினார். மேட்டூரில் அணை கட்டத் தொடங்கியிருந்த சமயம். அங்கே விழுகிற தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சுழற்சி கம்பிக்குள் ஏறி ஊர் ஊராகப் போய், கிணற்றடியில் மறுபடி சுழற்சியாக இறங்கும் என்று ஒன்பது வரிகளில் விளக்கியிருந்தார். எழுதியதிலேயே அவருக்குப் பிடித்த வரிகள் அவை. கடைசியில் குடியானவன் மரத்தடியில் படுத்திருக்க, காடு தானாகப் பச்சையாகும்.

காளியப்பன் சிரித்தார், அப்படியென்றால் எருதுகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றார். உண்ணாமலை சிரிக்கவில்லை.

"எல்லாஞ் செரிங்க வாத்தியாரே. மடை திருப்பறது ஆருங்க?"

எந்திரக் கதையில் மண்வெட்டிக்கு என்ன வேலை என்று அவர் அதைத் தள்ளிவிட்டார். கதை வேகமாக ஓட வேண்டும், நடுவில் யாரும் குனிந்து மண் வெட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அன்றைக்கு அவருடைய கட்சி.

இன்று காளியப்பன் சாமி கும்பிட்டு ஸ்விட்சைத் தட்டினார். மோட்டார் மாட்டியவர் அப்போதே கடைவீதிக்குக் காப்பி குடிக்கக் கிளம்பிவிட்டார். குழாயிலிருந்து தொடைப் பருமனில் தண்ணீர் பாய்ந்தது. அற்புதராஜ் பூரித்துப்போனார். கம்பி, சுழற்சி, நீர், எல்லாம் அவர் எழுதியபடியே. அச்சுப் படியில் திருத்த ஒன்றுமில்லை என்று பையைத் தட்டிக்கொண்டார்.

வெங்காயப் பாத்தியில் உண்ணாமலை மண்வெட்டியோடு நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தாலும் கை அதே கைதான். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்கக் குனிந்தாள். போட்ட மண் கரைந்தது. இன்னொரு வெட்டு போட்டாள், அதுவும் போயிற்று.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கவலையில் ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் நடுவே, எருதுகள் மேடேறுகிற நேரத்தில், வாய்க்காலில் தண்ணீர் மெலியும். அந்த மெலிந்த கணத்தில்தான் அவள் இத்தனை காலமும் மண் வைத்து மடையை மாற்றினாள். மோட்டார் தண்ணீர் மெலியவே இல்லை. எருதுகளோடு அந்த இடைவெளியும் போய்விட்டது.

வரப்பு உடைந்தது. நட்டு மூன்றே நாளான வெங்காயம் வேரோடு மிதந்தது. ஓடிப்போய்க் கையால் அணைத்த காளியப்பன் முழங்கை வரை சேறாகி, ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொட்டால் ஆள் காலி என்று மோட்டார்காரர் சொன்னதை நினைத்து, வேட்டியில் கையைத் துடைத்துத் துடைத்து நின்றார். வேட்டியும் ஈரம்.

அற்புதராஜ் ஓடி ஸ்விட்சை மேலே தள்ளினார். சத்தம் நின்றது. இரண்டு பாத்தி போயிருந்தது.

உண்ணாமலை கரையேறி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அன்னிக்கே கேட்டனுங்களே வாத்தியாரே. நீங்க காதுலயே போட்டுக்கல."

தப்புத்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். பிறகு, இருபது வருஷம் பிந்தியே ஆனாலும், கேட்டார். "இப்ப அந்தக் கதைய நீ எழுதறதா இருந்தா என்ன பண்ணுவ அம்மிணி?"

அவள் குழாயையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். "மொதல்ல ஒரு தொட்டி கட்டோணும்ங்க. அது கொட்டற வேகத்துல கொட்டிட்டுப் போகட்டும். தண்ணி தொட்டில நின்னு, நா தொறந்தாத்தான் வரோணும்."

காளியப்பன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தீங்ளா? இனி இவளுக்கும் ஒரு புஸ்தகம் போடோணும்."

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், ரோட்டோரப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து அற்புதராஜ் அச்சுப் படியை மடியில் விரித்தார். கேள்வி, உடைந்த வரப்பு, தொட்டி. எவ்வளவு சுருக்கினாலும் ஒன்பது வரி வந்தது. கோத்த பக்கத்தில் ஒன்பது வரி நுழைந்தால் ஒன்பது வரி வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் அடுத்ததைத் தள்ளிக்கொண்டு போய்ப் பதினாறும் கலையும். அச்சாபீஸ்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

விழும் நீர், சுற்றும் சக்கரம், கம்பிக்குள் ஏறும் சுழற்சி. அந்த வரிகளை மெதுவாக ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவற்றின் மேல் கோடு போட்டுவிட்டு, ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்: 'மடை திருப்புவது யார் என்று அவள் கேட்டாள்.'