இன்று பேராதெனியா பார்த்தோம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் இவர் கந்தோரால் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே மேசையடிக்குப் போய், சட்டைப்பையிலிருந்து றெயில் பாஸை எடுத்துச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் செவ்வாய்க்கிழமை வீங்கிய தாடை அரைவாசி வற்றிவிட்டது தெரிந்திருக்கும். "ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்குப் போவம். நீர் அந்த நீலச் சீலையைக் கட்டும்" என்றார். பயணத்திலும் பிறத்தியார் முன்னாலும் நான் இவருக்கு 'நீர்'. கை ஓங்கும்போது மட்டும் 'நீ'.

இவர் திருச்செல்வம், கண்டியில் றெயில்வே கிளாக்கர். அளவெட்டியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதாம் ஆண்டு. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட ஒரு வாடகை வீடு. நாலு வருஷத்தில் இவர் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை. வந்ததெல்லாம் பாஸ்தான். அடித்த கிழமையின் முடிவில் ஒரு பயணம். அதில் மட்டும் இவர் சொல்லுத் தவறாத மனிதர்.

ஆகவே நான் பார்க்காத இடமில்லை. பேராதெனியாப் பூந்தோட்டத்துக்கு என் இடது காது. கம்பளைக்கு இரண்டு விரல். கடுகண்ணாவைக்கு முதுகு, ஆகவே றெயிலில் சாய்ந்து இருக்க முடியாமல், எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்கிற அந்தப் பள்ளத்தாக்கை நானும் நிமிர்ந்து உட்கார்ந்து நன்றாகவே பார்த்தேன். மாத்தளைக்கு என்ன என்று இப்போது ஞாபகமில்லை. ஒரு வருஷம் ஆவணியோடு அந்த வருஷத்துப் பாஸ் எல்லாம் முடிந்துபோய், மிச்ச நாலு மாதமும் பஸ்ஸில் கெலிஓயாவுக்கே திரும்பத் திரும்பப் போனோம். கெலிஓயாவில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு கடைத்தெரு, ஒரு ஆறு. அந்த ஆற்றை என்னைப்போல் பார்த்தவர்கள் அந்த ஊரிலேயே இருக்கமாட்டார்கள்.

காரணம் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நானும் தேடினேன். கறியில் உப்பு, கமக்கட்டில் மடிப்புக் கலைந்த கோட்டு, வாசலுக்கு வந்த தபால்காரனோடு இரண்டு வார்த்தை. எல்லாவற்றையும் திருத்திப் பார்த்தேன். திருத்தியதற்கும் அடி விழுந்த நாளோடு தேடுவதை விட்டுவிட்டேன்.

பயணத்தில் இவரைப்போல் ஒரு புருஷனைக் காணக் கிடையாது. குடையை என் பக்கமே சாய்த்துப் பிடிப்பார், தன் தோள் நனைந்தாலும் பரவாயில்லை. ஸ்ரேசனில் தோடம்பழம் வாங்கி உரித்துத் தருவார். பெட்டியில் எதிரே இருக்கும் பெண்கள் தங்கள் புருஷன்மாரை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். போகிற இடத்தில் ஒரு படத்தபால் அட்டை வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் நான் அதில் எழுதவேண்டும். 'அன்புள்ள ஐயா, அம்மாவுக்கு. நாங்கள் இருவரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் பிள்ளையாரை வேண்டுகிறோம். இன்று பேராதெனியா பார்த்தோம். இங்கே நல்ல குளிர்.' அட்டை உறையில்லாமல் போவது. இவர் வாசித்து, தபால்காரன் வாசித்து, அளவெட்டியில் ஐயா சத்தமாக வாசிக்க அயலெல்லாம் கேட்கும். அம்மா அவற்றை நடுச்சுவரில் நூலில் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கிறா என்று தங்கச்சி புனிதம் எழுதியிருந்தாள். ஊரில் என் பெயரே 'கண்டிக்காரி' ஆகிவிட்டதாம்.

அந்த வெள்ளிக்கிழமை பாஸோடு ஐயாவின் கடிதமும் வந்திருந்தது. இவர் முதலில் வாசித்து, சிரித்தபடி என்னிடம் நீட்டினார். இவருடைய தம்பி தேவராசாவுக்குக் கண்டியில் வேலை கிடைத்துவிட்டதாம். புனிதத்தை அவனுக்கே செய்யலாம் என்று இரண்டு பகுதியும் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டார்களாம். அக்காவும் தங்கச்சியும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டால் காணி பிரியாது, மனமும் பிரியாது. கடைசியில் ஐயா எழுதியிருந்தார்: 'நீ அனுப்பிய அட்டைகளைப் பார்த்துத்தான் நாங்கள் மனம் துணிந்தோம். புனிதமும் ஆசைப்படுகிறாள்.'

தேவராசாவை எனக்குத் தெரியும். வேலை தேடி வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தவன். ஒருநாள் குசினியில் இவர் என் தலைமயிரைப் பிடித்திருந்தபோது அவன் கதவடிக்கு வந்து நின்றான். விலக்குப் பிடிக்கப்போகிறான் என்று நான் நம்பினேன். "அண்ணை, சோறு ஆறுது" என்றான். அடிப்பவனைவிட எனக்கு அவனில்தான் கூடப் பயம் வந்தது. பதினெட்டு வயசுப் புனிதத்தை இந்தச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர நான் விடமாட்டேன் என்று, கடிதம் வந்த அன்றே எனக்குள் சத்தியம் பண்ணினேன்.

ஆனால் எப்படி? கடிதங்களைத் தபாலில் போடுவது இவர். முத்திரை இவர் அலுமாரியில். ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்குப் போனோம். தேயிலை மலைகளைப் பார்த்தோம், அட்டை எழுதினேன். திங்கட்கிழமை இவர் கந்தோருக்குப் போனபின் பக்கத்துவீட்டுப் பாயிஸா வேலிக்கரைக்கு வந்தா. அவவின் மனிசர் முஹைதீன் நானாவுக்குப் பட்டணத்தில் புடைவைக்கடை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான்.

"நீங்க வாயால ஒண்டும் செல்ல வாணாம்" என்றா பாயிஸா. "நாலு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் ஈக்கிறேன். ஊருக்கு ஒரு காயிதம் எழுதுங்க. முத்திரை ஒட்டித் தபால்ல போடுறது எங்கட மனிசர்ட வேல."

அன்று பகல் முழுக்க எழுதினேன். காதிலிருந்து தொடங்கித் தாடை வரைக்கும், ஊர் ஊராக, ஒன்றும் விடாமல். உங்கள் சுவரில் தொங்குகிற ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால் இதுதான் இருக்கிறது என்று எழுதினேன். என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, புனிதத்தைக் கொடுக்கவேண்டாம் என்று எழுதினேன். மடித்து ஒட்டிப் பாயிஸாவின் கையில் கொடுத்தபோது பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இரவு இடியப்பம் அவித்தேன். நன்றாக வந்தது.

பத்தாம் நாள் பதில் வந்தது. எனக்கு அல்ல, இவருக்கு. கந்தோர் விலாசத்துக்கு. என் ஐயா மருமகனுக்கு எழுதியிருந்தார், எனது கடிதத்தையும் அதற்குள்ளேயே வைத்து. இவர் எனக்கு அதை ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். 'தவமணி இத்துடன் உள்ளவாறு எழுதியிருக்கிறாள். பிள்ளைப்பேறு இல்லாத கவலையோ என்னவோ, அவளுக்கு மனம் சரியில்லைப்போல் தெரிகிறது. தாங்கள் கோபியாமல், அவளை எங்கேயாவது நாலு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தால் நல்லது.'

ஐயா கெட்ட மனிதர் அல்ல. மருமகனிடம் ஒளிப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். அந்த மரியாதைக்கு என் கீழ்ப்பல் இரண்டு போயின. இவரும் மாமனார் சொல்லைத் தட்டாத மருமகன். நுவரெலியாவில் நாலு நாள். ரோசாத் தோட்டம், ஏரி, வெள்ளைக்காரர் குதிரை ஓட்டுகிற புல்வெளி. வாய் வீங்கியிருந்தபடியால் கஞ்சி மட்டும் குடித்தேன். இவரே கரண்டியால் ஊட்டினார். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துக் கண்கலங்கினா. அட்டையில் 'இங்கே மிகவும் நல்ல குளிர்' என்று எழுதினேன்.

கல்யாணம் வைகாசியில். ஊருக்குப் போனதும் அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வாயைத் திறந்து காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தா. பிறகு வாளியைக் கிணற்றுக்குள் விட்டா.

"ஐயா என்னை அடிக்கேல்லையோ? உன்ரை வயசிலை எனக்கும் ரெண்டு பல்லுப் போனதுதான். ஒருநாளெண்டாலும் என்னை உந்தக் கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனவரோ? நீ கண்டியெல்லாம் பாத்திட்டாய். இனி அவளும் பாக்கட்டன். தங்கச்சியிலை எரிச்சல்படாதை, பிள்ளை."

அம்மா அதைக் கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னா. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

மிச்சம் இருந்தது புனிதம் ஒருத்தி. தாலிகட்டுக்கு முதல்நாள் அவளைத் தனியே பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கைக்கு மருதோன்றி வைத்துக்கொண்டு, விரல்களை விரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சிரித்தாள். "அம்மா சொன்னவ, நீ இப்பிடிச் சொல்லுவாயெண்டு. அக்கா, அவர் அத்தான் மாதிரியில்லை. சத்தம்போட்டே கதைக்க மாட்டாராம்." பிறகு சுவரில் தொங்கிய அட்டைகளைக் காட்டி, எது முதலில் பார்க்கவேண்டிய இடம் என்று கேட்டாள். எல்லா அட்டையும் அவளுக்கு மனப்பாடம். 'இன்று கம்பளை பார்த்தோம்' என்று என்னுடைய வசனத்தையே எனக்குச் சொல்லிக் காட்டினாள். என் எழுத்து இவ்வளவு நம்பத்தகுந்ததாக இருக்கும் என்று எனக்கு முந்தித் தெரியாமல் போய்விட்டது.

கண்டிக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டின் முன்னறையைத் தம்பிக்கும் புனிதத்துக்கும் ஒதுக்கினார்கள். மூன்று கிழமை வீட்டில் சிரிப்புச் சத்தம். புனிதம் குளக்கட்டைச் சுற்றிவந்து, மாளிகாவைப் பௌத்த கோயில் வாசலில் யானை பார்த்த கதையைப் பாயிஸாவுக்கு வேலியால் சொன்னாள். பாயிஸா கேட்டுக்கொண்டு நின்று, அவளுடைய தலையைத் தடவி, "அல்லாஹ் காவல்" என்று மட்டும் சொன்னா. நான் பிழையாக நினைத்துவிட்டேனோ, எரிச்சல்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தேகம் வந்த அன்று சந்தோஷத்தோடு கொஞ்சம் எரிச்சலும் உண்மையாகவே வந்தது.

நாலாம் கிழமை, புதன்கிழமை. விளக்கேற்றி, இவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. தேவராசா சத்தம் போடவில்லை, புனிதம் சொன்னது சரிதான். ஏதோ கதிரை விழுந்த சத்தம், அதன்பிறகு இன்னொன்று, அது கதிரை இல்லை. புனிதம் "அக்கா" என்று ஒருதரம் கூப்பிட்டாள். ஒரே ஒருதரம். சுவருக்கு அந்தப் பக்கம் பாயிஸாவின் வீட்டிலும் பேச்சு நின்றுபோனது.

நான் எழும்பினேன். அரைவாசிதான் எழும்பினேன்.

"இருந்து போடும்" என்றார் இவர், கோப்பையைப் பார்த்தபடி. "சோறு ஆறுது."

என் கையில் அகப்பை இருந்தது. கீழ் ஈறில், பல்லில்லாத இடத்தில், நாக்குத் தானாகப் போய்த் தொட்டது. அகப்பையை நீட்டி, இவருக்குப் பருப்பு விட்டேன். இவர் காணும் என்று கை காட்டும்வரைக்கும் விட்டேன். இதைப் பாயிஸாவிடம்கூட நான் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தேவராசா வந்து, ஒரு புதுக் குடையைப் புனிதத்தின் கையில் கொடுத்தான். அவனுக்குப் பாஸ் கிடையாது. பஸ்ஸுக்குக் காசு எடுத்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலமை இருவரும் வெளிக்கிட்டார்கள். வாசலில் இவர் தம்பியின் தோளில் தட்டி, மழை வரும்போலிருக்கு, பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்றார். அவன் குடையை விரித்து, அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான்.

பின்னேரம் புனிதம் குசினிக்குள் வந்தாள். நான் மாவு அரித்துக்கொண்டிருந்தேன். வலது மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே விரல்கள் வீங்கி, நகத்தில் கல்யாண மருதோன்றி இன்னும் சிவப்பாகவே இருந்தது. என் பக்கத்துப் பலகையில் இருந்தாள். நான் அரிதட்டைத் தட்டிக்கொண்டேயிருந்தேன். அவள் கேட்பாள், கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பலகையில் வைத்தாள். பூந்தோட்டத்து மூங்கில் படம். நாலு வருஷத்துக்கு முன் நான் அனுப்பிய அதே படம்.

"என்னாலை பேனை பிடிக்கேலாது" என்றாள். "நீயே எழுதிவிடு, அக்கா. உனக்குத்தான் நல்லா எழுத வரும்."

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் மைக்கூட்டையும் பேனையையும் எடுத்து வந்தேன். அம்மாவுக்கு என் எழுத்து நன்றாகத் தெரியும். அக்காள்தான் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், பார் ஒற்றுமையை என்று அயலுக்குச் சொல்லுவா. அதே நூலில், மற்ற அட்டைகளுக்குக் கீழே கோர்ப்பா.

"அன்புள்ள ஐயா, அம்மாவுக்கு" என்று எழுதினேன். "நாங்கள் இருவரும் நல்ல சுகம்."

அடுத்த வரியை நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. எழுதி முடித்து அட்டையை அவள் பக்கம் தள்ளினேன். புனிதம் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து, மை காயட்டும் என்று மெல்ல ஊதினாள்.